மணிக்கூட்டுக்குப் பூசிய பொன்

கேதீஸ்வரனின் வலது கை நடுங்கத் தொடங்கியது 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில். மெல்போர்ன் குளிரில் எல்லோருக்கும் கை விறைக்கும் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடிக்கப் பழகிக்கொண்டான்.

ஆனால் அந்தக் கை நடுங்கக்கூடிய கை அல்ல. யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பதினாறு வயதில் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவன் அவன். தலைமயிர் அளவு மெல்லிய வாள் பூட்டிய சிறு வில்லால் தங்கத் தகட்டில் கொடியும் பூவும் அறுப்பான். மூச்சை எங்கே விடவேண்டும், எங்கே பிடிக்கவேண்டும் என்பது அவன் கைக்கே தெரியும். 2006இல் ஒரு கலியாண நகை வேலைக்காகக் கிளிநொச்சிக்குப் போனான். போன இரண்டாம் வாரம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் பாதை பூட்டப்பட்டது. அதன்பிறகு யுத்தம் முடியும்வரை வன்னிக்குள்தான். முடிந்தபின் முள்வேலி முகாம். அங்கிருந்து வெளியேறி, 2010இல் படகேறி, ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கினான். இரண்டு வருடம் தடுப்பு முகாம்களில் கழிந்தது. 2012 பெப்ரவரியில் தற்காலிக விசா ஒன்றைக் கையில் கொடுத்து வெளியே விட்டபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. ஊரில் அண்ணனை இராணுவம் கொண்டுபோனதைக் காரணம் காட்டி அவன் போட்ட அகதி விண்ணப்பம் முதல் தடவை நிராகரிக்கப்பட்டு, மறுபரிசீலனைக்குக் காத்திருந்தது.

மெல்போர்னின் நோபல் பார்க்கில் அக்கா பவளராணி இருந்தாள். அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. கணவன் சிறிதரன் மரம் விற்கும் மரக்காலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மூன்று வயதில் வதனி என்றொரு மகள். இரண்டு அறை வீட்டில் வதனியின் அறையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தங்களோடு படுக்கவைத்துக்கொண்டார்கள்.

வேலை சிறிதரன் மூலமாகத்தான் வந்தது. மரக்காலைக்குக் கருங்காலித் தகடு வாங்க அடிக்கடி வரும் ஒரு வெள்ளைக்காரர், பெயர் கிளைவ், தன் பட்டறைக்கு நுணுக்கமாக அறுக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று ஒருநாள் குறைப்பட்டார். சிறிதரன் தன் மச்சானைப் பற்றிச் சொன்னான்.

ஸ்பிரிங்வேலுக்குப் பின்னால், டயர் கடைகளும் கார் பெயிண்ட் அடிக்கும் இடங்களும் நெருங்கியிருந்த ஒரு சந்தில் கிளைவின் பட்டறை இருந்தது. உள்ளே போன கேதீஸ்வரன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். சுவர் முழுக்க மணிக்கூடுகள். இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முன் பாரிஸில் செய்தவை. இடுப்பு ஒடுங்கி வளைந்த பெட்டிகள். அவற்றின் உடம்பெல்லாம் அழுங்காமை ஓடு பதித்து, ஓட்டுக்கு அடியில் சிவப்பு வர்ணம் கொடுத்து, அந்தச் சிவப்புக்குள் பித்தளைக் கொடிகள் ஓடவிட்டிருந்தார்கள். தலையில் பொன் பூசிய வெண்கலப் பெண்கள் சாய்ந்திருந்தார்கள். காலிலும் பொன். மூலையெல்லாம் பொன். அவற்றில் அரைவாசிக்குமேல் ஓடவில்லை. ஓடியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின.

கிளைவ் ஒரு பித்தளைத் தகட்டையும் காகிதத்தில் வரைந்த கொடியையும் கொடுத்து அறுக்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் கேதீஸ்வரன் அறுத்து வைத்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, அடுத்தநாளே வரச் சொன்னார்.

முதல் இரண்டு மாதமும் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஐரோப்பாவின் ஈரக்காற்றில் பிறந்த மரம் மெல்போர்னின் வறண்ட வெயிலில் சுருங்கிவிடும். பித்தளை சுருங்காது. அதனால் பதித்த கொடிகள் நுனி கிளம்பி, சட்டையில் கொளுவும் முள்போல நிற்கும். அவற்றைப் பதமாக எடுத்து, நிமிர்த்தி, பின்பக்கத்தில் உள்ளிப்பூண்டைத் தேய்த்து, மீன்பசை வைத்துத் திரும்ப இருத்தவேண்டும். உள்ளி தேய்த்தால்தான் பித்தளையில் பசை பிடிக்கும்.

“குசினியில இருக்கிற உள்ளி எல்லாம் எங்கயடா போகுது?” என்று பவளராணி கேட்டாள்.

“பாரிஸ் மணிக்கூட்டுக்கு அக்கா. அதுக்கும் எங்கட உள்ளி வேணுமாம்.”

அவன் சிரித்துப் பேசியது அந்த நாட்களில்தான். பின்னால் யோசித்தபோது பவளராணிக்கு அப்படித்தான் தோன்றியது.

ஜூன் மாதம் சிட்னியிலிருந்து ஒரு பெரிய மணிக்கூடு வந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவருடையது. பதிப்பு வேலை முழுவதையும் கேதீஸ்வரன் சரிசெய்தான். ஆனால் வெண்கல உருவங்களில் பொன் தேய்ந்து, பழுப்பு தெரிந்தது. கிளைவ் அவற்றை வெளியே அனுப்பி, மின்சாரத்தில் பொன் முலாம் போடுவித்தார். வியாபாரி அதைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். அது பொம்மைக் கடைப் பொன், பழைய பொன்னின் ஆழம் அதில் இல்லை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளைவ் கைக்கு அடக்கமான ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்தச் சிறு போத்தலைத் தூக்கிய கேதீஸ்வரனின் கை சட்டென்று தாழ்ந்தது. அவ்வளவு பாரம். உள்ளே பாதரசம்.

பழைய பாரிஸ்காரர் செய்த முறை அதுதான். பொன்னைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய்போல ஒரு களி வரும். அதை வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய்விடும். பொன் மட்டும் நிற்கும். உனக்கு இது தெரியுமா என்று கிளைவ் கேட்டார்.

தெரியும் என்றான் கேதீஸ்வரன். கன்னாதிட்டியில் கோயில் வேலை செய்த ஒருவரிடம் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். திறந்த வெளியில், காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் அந்த மனிதர் நெருப்பைத் தொடுவார். அதையும் அவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். கிளைவ் தலையாட்டினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு மின்விசிறி பூட்டினார். மரத்தூளுக்குப் போடும் முகமூடி ஒரு பெட்டி வாங்கிவைத்தார். ஆனால் கொட்டகையின் உருளைக் கதவை இறக்கியே வைக்கச் சொன்னார். உள்ளே நடப்பதைப் பார்த்தால் டயர் கடைக்காரன் கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவானாம். வெளியில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவேண்டாம் என்றும் சொன்னார். அவர் மிரட்டவில்லை. தோளில் தட்டித்தான் சொன்னார்.

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். நிரந்தர விசா இல்லாதவன் வேலை தருகிறவருக்கு முடியாது என்று சொல்லக்கூடாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவன் அக்காவிடம் மட்டும் சொன்னான். ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒருவர் நம்பி அவன் உள்ளங்கையில் பொன்னை வைத்தார்.

அந்த வேலை அழகான வேலை. களியை மான்தோலில் வைத்துப் பிழிந்து, மேலதிகப் பாதரசத்தை வெளியேற்றி, மிச்சத்தைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் வெண்கலப் பெண்ணின் கன்னத்திலும் தோளிலும் தடவுவான். அப்போது அவள் ஈயம்போலச் சாம்பல் நிறத்தில் இருப்பாள். காஸ் நெருப்புக்கு மேலே மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சாம்பல் விலகி, உள்ளேயிருந்து மஞ்சள் எழும்பி வரும். அந்தக் கணத்தைப் பார்க்க அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோவான். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வியாபாரிக்குத் திருப்தி. மேலும் மூன்று மணிக்கூடுகளை அனுப்பினார்.

முதலில் விழுந்தது நாய். கிளைவின் கிழட்டு நாய், குளிருக்காகக் கொட்டகையின் காஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கும். ஆகஸ்ட் நடுவில் அதன் பின்கால்கள் இழுத்தன. பிறகு அது காரணமில்லாமல் சுவரைப் பார்த்துக் குரைத்தது. பிறகு எழும்பவில்லை. மிருக வைத்தியர் ஊசி போட்டு முடித்துவைத்தார். வயது போய்விட்டது என்றார் கிளைவ். அவருக்கு அழுகை வந்தது. கேதீஸ்வரன் நாய் படுத்த சாக்கைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அதே இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தான்.

வீட்டில் சாப்பாட்டில் குறை சொல்லத் தொடங்கினான். “வாய்க்குள்ள செப்புக் காசு வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு அக்கா” என்றான். பல் தீட்டினால் முரசிலிருந்து இரத்தம் வந்தது. நித்திரை போய்விட்டது. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவனால் ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியாது. முன்பு பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன், ஒருநாள் வதனி பாட்டுப் பாடியதற்காகச் சோற்றுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். எறிந்துவிட்டு, தானே உட்கார்ந்து அழுதான்.

“என்னடா தம்பி, என்ன நடக்குது உனக்கு?”

“தெரியேல்லை அக்கா. என்னை விடுங்கோ.”

எல்லோரிடமும் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. முள்ளிவாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தவன், இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்தவன், விசாவுக்குக் காத்திருப்பவன். அப்படித்தான் இருப்பான் என்றார்கள் தெரிந்தவர்கள். கிளினிக்கில் பார்த்த டொக்டரும் அதையே சொல்லி, நித்திரைக்கு மாத்திரை எழுதினார். ஆலோசனை சொல்லும் பெண்மணி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவர்மீதும் பிழை சொல்ல முடியாது. அந்த விளக்கம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவன் “மணிக்கூடு திருத்துறன்” என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் மறுபரிசீலனை விசாரணை வந்தது. பவளராணி அவனுக்கு வெள்ளைச் சேர்ட் ஸ்திரி போட்டுக் கொடுத்து, கூடவே போய் வெளியில் காத்திருந்தாள். உள்ளே மூன்று மணித்தியாலம். எந்த மாதம் முகாமிலிருந்து வெளியேறினாய் என்று கேட்டபோது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. முதல் தடவை சொன்ன திகதிக்கும் இப்போது சொன்னதற்கும் ஒரு வருடம் வித்தியாசம். அண்ணனை இராணுவம் கொண்டுபோன இடத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரம் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்து மேசையில் அடித்தான். வெளியே வந்தவனின் வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“என்னடா கேட்டவை?”

“எல்லாம் கேட்டவை. எனக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை.”

ஜனவரியில் கடிதம் வந்தது. அவனுடைய சாட்சியம் முன்னுக்குப்பின் முரணாகவும் நம்பத்தகாததாகவும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. சிறிதரன் வாசித்துச் சொல்ல, கேதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு எழும்பி, “நான் வேலைக்குப் போட்டு வாறன்” என்றான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நீதிமன்றத்துக்குப் போக ஒரு பெண் வழக்கறிஞர் இலவசமாக முன்வந்தார். ஆனால் அவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. கொழும்புக்கு ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி அந்த மாதங்களில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஒவ்வொரு தடவை வாசலில் கார் நின்றாலும் பவளராணி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

பெப்ரவரி முடிவில் வெக்கை கடுமையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பவளராணி தம்பியின் வேலை உடுப்பை எடுத்தாள். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அறைக் கதவின் பின்னால் கொளுவிவிடுவான். வாரத்துக்கு ஒரு தரம் அவள் மெஷினில் போடுவாள். அன்றைக்கு அழுக்கு அதிகமாக இருந்ததால் தொட்டியில் ஊறவைத்துக் கையால் கசக்கினாள். பொக்கற்றுக்குள் ஒரு துண்டு மான்தோல் கிடந்தது. அதையும் பிழிந்து காயப்போட்டாள்.

குனிந்து கசக்கியபோது கழுத்துச் சங்கிலி தண்ணீருக்குள் தோய்ந்ததை அவள் கவனிக்கவில்லை. பெரிய தாலிக்கொடியை அவள் விசேஷங்களுக்குத்தான் போடுவாள். அன்றாடம் மெல்லிய சங்கிலி ஒன்றில் தாலியைக் கோத்திருப்பாள். குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் கண்டாள். தாலியின் கீழ்ப்பாதி வெளுத்திருந்தது. வெள்ளிபோல. தேய்த்தாள். போகவில்லை. விரலில் கிடந்த மோதிரமும் ஒருபக்கம் அப்படியே வெளுத்திருந்தது.

தாலி நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறிதரன் அன்று மேலதிக வேலைக்குப் போயிருந்தான். ஃபோன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. இன்னொரு தரம். மூன்றாம் தரம் எடுத்தான்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

“எனக்கென்ன? வேலையில நிக்கிறன். ஏன் ராணி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“இல்லை, சும்மா. பாத்து ஓட்டுங்கோ.”

அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. வதனியைத் தம்பியோடு விட்டுவிட்டு, தாலியை ரிஷுப் பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வேலுக்கு பஸ் பிடித்தாள். அங்கே யோகேஸ்வரன் என்றொருவர் சின்ன நகைக்கடை வைத்திருந்தார். அவளுடைய காப்புக்கு முன்பு பூட்டுத் திருத்திக் கொடுத்தவர்.

யோகேஸ்வரன் தாலியை வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தார்.

“தங்கச்சி, வீட்டில தேர்மோமீற்றர் ஏதும் உடைஞ்சதோ?”

“இல்லையே. ஏன் அண்ணை, இவருக்கு ஏதும் கண்டமோ?”

“கண்டம் கிண்டம் ஒண்டும் இல்லை. இது பாதரசம் பட்டது. பொன்னைக் கண்டா விடாது, அப்பிடியே ஒட்டும். உங்கட வீட்டுக்குள்ள பாதரசம் எப்பிடி வந்தது?”

அவள் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். உடுப்பு. மான்தோல். தம்பி மணிக்கூட்டுக்குப் பொன் பூசுகிறேன் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னது. அவள் சொல்லச் சொல்ல யோகேஸ்வரனின் முகம் மாறியது.

“அவருக்குக் கை நடுங்குதோ?”

“ஓம்.”

“கோவம் வருதோ? ஆக்களைக் கண்டா ஒளிக்கிறாரோ? முரசில இரத்தம்?”

பவளராணி கதிரையின் விளிம்பைப் பிடித்தாள்.

“இப்பவே வீட்டை போங்கோ. ஜன்னல் எல்லாத்தையும் திறவுங்கோ. வக்யூம் கிளீனர் போட்டிடாதேங்கோ, அது இன்னும் பரப்பிப்போடும். வீட்டில சின்னப்பிள்ளை இருக்கோ?”

அவள் டாக்ஸி பிடித்தாள்.

வீட்டுக்குள் ஓடியபோது தம்பியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தரைவிரிப்பில், கதவுக்குப் பின்னால், உடுப்பு கொளுவும் இடத்துக்கு நேர் கீழே வதனி குந்தியிருந்தாள். விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பாருங்கோ. ஓடுது!”

கடுகளவு வெள்ளி மணி ஒன்று தரைவிரிப்பின் ஓரத்துப் பலகையில் உருண்டு, இன்னொரு மணியோடு சேர்ந்து பெரிதானது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள்.

பவளராணி அவளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். புல்லில் இருத்தி, கையையும் வாயையும் பார்த்தாள். தோட்டத்துக் குழாயில் விரல் விரலாகக் கழுவினாள். பிறகு உள்ளே போய்த் தம்பியை எழுப்பி வெளியே இழுத்துவந்தாள்.

“என்னத்தையடா அங்க வைச்சு எரிக்கிறாய்? சொல்லு!”

அவன் சொன்னான். கொட்டகை, இறக்கிய கதவு, முகமூடி, போத்தல், நாய். எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் கையைப் பிடித்தான். அவன் நடுக்கம் அவள் கையிலும் ஏறியது.

“அக்கா, வெளியில சொல்லாதேங்கோ. கேஸ் எண்டு வந்தா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நான் இனி அந்த வேலைக்குப் போகேல்லை. கழுவிப்போட்டு இருப்பம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

“பிள்ளை அதைத் தொட்டிட்டாளடா.”

“கும்பிட்டுக் கேக்கிறன் அக்கா.”

பவளராணி அவனையும் பார்த்தாள், புல்லில் இருந்த மகளையும் பார்த்தாள். தம்பி சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவனை அனுப்பிவிட்டால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அண்ணனைக் கொண்டுபோனதை அவளும் பார்த்தவள்தான். அந்தப் பத்து நிமிடம்தான் தன் வாழ்நாளில் ஆக நீளமானது என்று பின்னால் சொன்னாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவளுடைய காரின் பின்சீற்றில் இரண்டு பேரையும் ஏற்றினாள். நேரே கிளினிக்குக்குப் போய், வெளுத்த தாலியை ரிஷுவோடு டொக்டரின் மேசையில் வைத்தாள்.

டொக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். அவர் மூன்று மாதமாக அந்தப் பொடியனுக்கு நித்திரை மாத்திரை எழுதியவர். “ஐ ஆம் சொறி” என்றார், யாருக்கென்று இல்லாமல்.

பரிசோதனை முடிவு வந்த அன்றே கேதீஸ்வரனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனுடைய சிறுநீரில் இருந்த அளவைச் சொன்ன டொக்டர், இந்தத் தொகையைத் தான் புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். பாதரசத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தார்கள். வதனிக்கு இரண்டு தரம் பரிசோதித்தார்கள். கொஞ்சம் இருக்கிறது, தானாக இறங்கிவிடும், ஆனால் வருடா வருடம் பார்க்கவேண்டும் என்றார்கள். பவளராணிக்கும் இருந்தது. வெள்ளை உடுப்புப் போட்டு, முகத்தை மூடிய நாலு பேர் வந்து அறையின் தரைவிரிப்பையும் மெத்தையையும் சலவை மெஷினையும் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது.

பட்டறைக்கும் அரசாங்கத்து ஆட்கள் போனார்கள். கொட்டகையின் சீமெந்து வெடிப்புக்குள் பாதரசம் தேங்கிக்கிடந்தது. கிளைவ் எதையும் மறுக்கவில்லை. வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து வார்ட் வாசலில் நின்றார். பவளராணி அவரை உள்ளே விடவில்லை.

“கதவைத் திறந்து வைச்சிருக்கலாம்” என்றாள் ஆங்கிலத்தில். “ஜஸ்ட் த டோர்.”

அவர் கொண்டுவந்த பழக்கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நடந்து போனபோது வலது காலைச் சற்று இழுத்ததை அவள் கண்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாட்களில் அவளுக்குத் தோன்றும்.

கேதீஸ்வரன் பயந்தது நடக்கவில்லை. மருத்துவ அறிக்கையைப் படித்த பெண் வழக்கறிஞர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். விசாரணை நடந்தது நவம்பரில். அப்போது அவன் மூளைக்குள் என்ன இருந்தது என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது என்றார். திகதியை மறந்ததும் மேசையில் அடித்ததும் பொய்யன் என்பதால் அல்ல என்று விஷ வைத்திய நிபுணர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வழக்கு திரும்ப விசாரணைக்குப் போனது. ஆகஸ்டில் வேறொரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து, அண்ணனைக் கொண்டுபோன இடத்தின் பெயரை, மாதத்தை, நாளைக் கேதீஸ்வரன் சொன்னான். மெதுவாகச் சொன்னான். இடையிடையே தண்ணீர் குடித்தான். அவர் அவனை அகதி என்று ஏற்றுக்கொண்டார்.

ஆனால் கையில் விசா வருவதற்குள் தேர்தல் வந்தது. அரசாங்கம் மாறியது. படகில் வந்தவர்களுக்கு இனி நிரந்தர விசா இல்லை என்றார்கள். அவனுடைய கோப்பு எந்த மேசையில் கிடக்கிறதென்று வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. காத்திருக்கச் சொன்னார். வீட்டில் கார் சத்தத்துக்குத் திரைச்சீலையை விலக்கும் பழக்கம் பவளராணிக்குப் போகவில்லை.

டிசம்பரில் அவளும் தம்பியும் நரம்பு வைத்தியரிடம் போனார்கள். வைத்தியர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, நத்தை ஓடுபோல நடுவிலிருந்து வெளியே சுற்றி ஒரு கோடு வரையச் சொன்னார். கேதீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தான். கோடு பல்லுப் பல்லாக வந்தது. வைத்தியர் கோப்பிலிருந்து ஏப்ரலில் வரைந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் சுற்றே இல்லை. வெறும் கிறுக்கல்.

“முன்னேற்றம் இருக்கிறது” என்றார் வைத்தியர்.

“திரும்ப நேரா வருமோ எண்டு கேளுங்கோ அக்கா.”

அவள் கேட்டாள். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிலருக்கு வரும், சிலருக்கு இவ்வளவோடு நின்றுவிடும், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்.

கேதீஸ்வரன் அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அது கோப்பில் இருக்கவேண்டும் என்றார் வைத்தியர். சரி என்று தலையாட்டிவிட்டு எழும்பினான். வெளியில் வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. பஸ் தரிப்பில் நிழல் கொஞ்சம்தான். அக்காவை அதில் நிற்கவிட்டு, அவன் வெயிலில் நின்றுகொண்டான்.